தாத்தா பித்தம் என்றார், நான் ஆசிட் என்றேன்

லகாட்டில் எங்கள் வீட்டுப் பின்புறம் ஒரு சிமெண்டுத் தொட்டி இருக்கிறது. தோட்டத்தை விட்டு இந்தத் தாமானுக்குக் குடிவந்தபோது தாத்தா கட்டியது. வாரத்தில் மூன்று நான்கு நாள், விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர் அதன் பக்கத்தில் குனிந்து நிற்பார். பழகிப்போன மனிதர் எடுக்கும் வாந்தி அது. பெரிய சத்தம் இருக்காது. பச்சையும் மஞ்சளும் கலந்து, நுரையாக வரும். முடிந்ததும் வாய் கொப்பளித்து, தரையைக் கழுவிவிட்டு, உள்ளே வந்து கோப்பி கேட்பார்.

“என்னா தாத்தா, மறுபடியுமா?”

“பித்தம்யா. ராத்திரியெல்லாம் ஏறிக்கிட்டே இருந்துச்சு. இப்ப எறங்கிருச்சு.”

அம்மா அதைக் கேஸ்ட்ரிக் என்பார். கிளினிக்கிலும் அதே சொல்தான். இந்த நாட்டில் கேஸ்ட்ரிக் என்றால் எல்லாமும்தான்: பசியில் வரும் வலி, நெஞ்செரிச்சல், ஏப்பம், சம்பல் தின்ற மறுநாள் காலை. மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்லி ஒரே வெள்ளை மருந்தை வாங்கிக் குடிக்கிறோம். புதினா மணக்கும் அந்த மருந்துப் புட்டி இல்லாத வீடு எங்கள் வரிசையில் கிடையாது.

பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். லீவில் வந்தபோது தாத்தாவுக்கு விளக்கம் சொன்னேன். “பித்தமெல்லாம் பழைய காலத்துப் பேச்சு தாத்தா. இது ஆசிட். வயித்துல ஊறுற ஆசிட் மேல வருது. அதுக்குத்தான் இந்த மாத்திரை.”

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “ஆசிட்டுன்னா புளிக்கணும்ல. இது கசக்குதே.”

“அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

2019இல் தாத்தா இறந்தார். 81 வயது. காரியம் முடிந்து அவருடைய பிஸ்கட் டின்னைத் திறந்தபோது, பழைய அடையாளக்கார்டு, யூனியன் சந்தா ரசீதுகள் இவற்றுக்குக் கீழே நான்காக மடித்த ஒரு தாள் இருந்தது. 1974இல் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து தோட்டத்து டிரஸருக்கு எழுதிய ஆங்கிலக் கடிதம். மை மங்கியிருந்தாலும் ஒரு வரி தெளிவாகத் தெரிந்தது: அல்சருக்காக இரைப்பையில் ஒரு பகுதி நீக்கப்பட்டது, பில்ரோத் இரண்டு முறையில்.

தாத்தாவின் வயிற்றில் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள்வரை ஒரு தழும்பு இருந்தது எல்லாருக்கும் தெரியும். “அல்சர் ஆப்ரேசன்” என்பதோடு கதை முடிந்துவிடும். பில்ரோத் யார், இரண்டு என்றால் என்ன என்று நான் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான். அப்படித் தேடிப் போனதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

தியோடர் பில்ரோத் வியன்னாவின் அறுவை மருத்துவர். 1881 ஜனவரியில், புற்றுநோயால் அடைபட்ட இரைப்பையின் கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்து, மிச்சத்தை முன்சிறுகுடலோடு தைத்தார். நோயாளி அறுவையில் பிழைத்தார். அதற்கு முன் இதைச் செய்து யாரும் பிழைத்ததில்லை. இது பில்ரோத் ஒன்று. 1885இல் அவர் வேறொரு வழியைக் கையாண்டார். முன்சிறுகுடலின் வாயைத் தைத்து மூடிவிட்டு, மீதி இரைப்பையைச் சற்றுத் தள்ளியுள்ள சிறுகுடலின் பக்கவாட்டில் இணைத்தார். இது பில்ரோத் இரண்டு.

இதைக் குழாய் வேலையாகப் பார்த்தால் எனக்குச் சுலபமாகப் புரிகிறது. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தப்பையில் தங்கி, முன்சிறுகுடலில் திறக்கிறது. அங்கிருந்து கீழேதான் போக வேண்டும். மேலே வராமல் தடுப்பவை இரண்டு வால்வுகள். இரைப்பையின் அடிவாயில் ஒன்று, உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் இன்னொன்று. இரைப்பையின் ஆசிட் நெஞ்சுக்கு வர மேல் வால்வு ஒன்று தளர்ந்தால் போதும். பித்தநீர் நெஞ்சுக்கு வர இரண்டையும் தாண்ட வேண்டும். பில்ரோத் இரண்டில் கீழ் வால்வு வெட்டி எடுக்கப்பட்டுவிடுகிறது. அதோடு பித்தநீர் வரும் குழாய், புதிய இணைப்பின் வாசல் வழியாகத்தான் கீழே போயாக வேண்டும். நான்-ரிட்டர்ன் வால்வு இல்லாத ஒரு டீ-ஜாயிண்ட். எந்தப் பக்கம் அழுத்தம் குறைவோ அந்தப் பக்கம் நீர் போகும். ராத்திரி படுத்தால் மேலே வரும்.

இது அந்தக் காலத்து மருத்துவர்களுக்குத் தெரியாததல்ல. பில்ரோத்தின் உதவியாளர் அன்டன் வோல்ஃப்லர் 1881இலேயே இரைப்பையையும் சிறுகுடலையும் நேரடியாக இணைத்தார். அப்படி இணைக்கப்பட்ட சிலர் பித்தமாக வாந்தி எடுத்தே செத்தார்கள். அதற்கு “விஷச் சுழல்” என்று பொருள்படும் ஒரு லத்தீன் பெயரே உண்டாயிற்று. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரத்து சேசார் ரூ, 1890களில் ஒய் எழுத்து வடிவில் குடலை இணைத்து, பித்தநீரை நன்றாகக் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கும் முறையைப் பரப்பினார். தீர்வு அப்போதே இருந்தது. ஆனால் வேலை அதிகம், நேரம் அதிகம், அதற்கென்று சில தொல்லைகளும் உண்டு. எளிய இணைப்புகளே ஊர் ஊராகப் பரவின.

*

அப்படிப் பரவிய ஊர்களில் ஒன்று தமிழர்களின் ஊர். கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூர், அப்போது தெற்குத் திருவிதாங்கூர். தியோடர் ஹோவர்ட் சாமர்வெல் 1922இல் எவரெஸ்ட் பயணக்குழுவில் போனவர். மலையிலிருந்து இறங்கிய பிறகு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரியின் கூட்டத்தைக் கண்டு, லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். 1924இல் மீண்டும் எவரெஸ்ட் போய், திரும்பவும் நெய்யூருக்கே வந்தார். பிறகு வேலூரிலும் கற்பித்தார்.

நெய்யூரில் அவர் வாசலில் வரிசையாக நின்றவர்கள் முன்சிறுகுடல் புண் நோயாளிகள். உலகத்தில் வேறெங்கும் காணாத அளவுக்கு அந்த நோய் அங்கே இருந்தது. அரிசியும் மரவள்ளிக்கிழங்கும் தின்னும் ஏழை உணவுதான் காரணமா என்று குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் எலிகளுக்கு அந்தச் சாப்பாட்டையே கொடுத்துப் பார்த்தார். சாமர்வெல்லுக்கு ஆராய்ச்சி முடியும்வரை காத்திருக்க முடியாது. ஆயிரக்கணக்கில் அறுவை செய்தார், அனுபவத்தை ஆய்வுக் கட்டுரையாகவும் புத்தகமாகவும் எழுதினார். அவர் பெரிதும் செய்தது இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கும் அறுவைதான். வலியில் சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து வயலுக்குப் போனார்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இணைப்பு பித்தநீருக்கும் ஒரு கதவைத் திறந்துவிட்டது என்பதும் குழாய்க் கணக்குதான்.

என் தாத்தா பிறந்தது பேராக்கில், லகாட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில். பன்னிரண்டு வயதில் மரம் வெட்டப் போனார். விடியுமுன் பிரட்டுக்குப் போக வேண்டும், வெறும் வயிற்றில் கறுப்புக் கோப்பி, பத்து மணிக்குமேல்தான் பசியாற. அவர் வயிற்று வலிக்கு டிரஸர் கொடுத்த மருந்தும் வெள்ளையாகத்தான் இருந்ததாம். ஒருநாள் தீம்பாரிலேயே ரத்தமாக வாந்தி எடுத்து விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு லாரியில் கொண்டுபோனார்கள். அந்த அறுவைதான் அவர் உயிரைக் காத்தது. கடிதத்தைப் படித்த முதல் நாள் எனக்கு வந்த கோபம், இதை நினைத்ததும் தணிந்துவிட்டது.

ஆனால் வருஷக் கணக்கு மட்டும் இன்னும் உறுத்துகிறது. 1974. ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இரைப்பையின் ஆசிட் சுரப்பை மருந்தாலேயே அடக்கும் வழியைக் கண்டார். அந்த மருந்து, சிமெடிடின், பிரிட்டனில் கடைக்கு வந்தது 1976இல். 1988இல் அவருக்கு நோபல் பரிசு. இதே பிளாக் 1947 முதல் 1950 வரை சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தவர். ஒரு தோட்டத்துப் பையன் மரம் வெட்டக் கற்றுக்கொண்டிருந்தபோது, அவனுக்குத் தேவைப்படப்போகும் மருந்தைக் கண்டுபிடிக்கப்போகிறவர் தெற்கே ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மருந்து வந்தபோது இரண்டு வருஷம் தாமதம். 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் அல்சருக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் கண்டார்கள். அதன்பின் ஆன்டிபயாட்டிக்கே போதும் என்றாயிற்று. தாத்தாவின் வயிறு அதற்கெல்லாம் முந்திய தலைமுறையின் வயிறு.

*

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். புளிப்பா, கசப்பா?

தமிழில் பித்தம் ஒரு பெரிய சொல். குறளின் மருந்து அதிகாரம் வளி முதலாக எண்ணும் மூன்றில் அது ஒன்று. சித்த மருத்துவம் அதை அழல் என்றும் சொல்லும். சூடு, செரிமானம், கோபம் எல்லாம் அதற்குள் அடங்கும். பித்தம் தலைக்கேறியது என்று இன்றும் திட்டுகிறோம். ஆயுர்வேதத்தில் அம்லபித்தம் என்று ஒரு நோயே உண்டு; புளித்த பித்தம் என்று பொருள். நெஞ்செரிச்சலும் புளித்த ஏப்பமும் அதன் குறிகள். ஆகவே பழையவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நான் சொல்ல வரவில்லை. அழல் என்பது உடம்பை விளங்கிக்கொள்ள ஒரு தத்துவம், கல்லீரலில் சுரக்கும் பச்சைத் திரவத்துக்கு மட்டுமான பெயரல்ல. தாத்தா சொன்னபோது இரண்டையும் சேர்த்துத்தான் சொன்னார். நான் அவற்றில் ஒன்றைத் தள்ளிவிட்டேன்.

ஐரோப்பாவும் தள்ளியது, வேறு காரணத்துக்காக. 1824இல் வில்லியம் பிரவுட் என்ற லண்டன் மருத்துவர், இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று காட்டினார். அதற்கு இரண்டு வருஷம் முன்பு அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் துப்பாக்கி வெடித்து அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்பவரின் வயிற்றில் ஓட்டை விழுந்தது. ஓட்டை மூடவே இல்லை. ராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட் அந்தத் துளை வழியாகப் பல வருஷம் இரைப்பையைப் பார்த்துக் குறிப்பெடுத்து 1833இல் புத்தகம் போட்டார். சாதாரணமாக இரைப்பையில் பித்தநீர் இருப்பதில்லை, கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகும் கோபத்தின்போதும் வருகிறது என்று அவர் கண்டார். கோபத்தையும் பித்தத்தையும் சேர்த்து வைத்த நம் பேச்சு வழக்கு எனக்கு அங்கே ஞாபகம் வந்தது.

ஆனாலும் வரலாறு ஆசிட்டின் பின்னால்தான் போனது. 1935இல் நியூயார்க்கின் ஆஷர் விங்கல்ஸ்டைன், உணவுக்குழாய்ப் புண்ணுக்கு இரைப்பை நீர் மேலேறுவதே காரணமாகலாம் என்றார். 1950இல் நார்மன் பாரட் உணவுக்குழாய்ப் புண்களைப் பற்றி எழுதினார். நீண்ட நாள் எதுக்களிப்பால் உணவுக்குழாயின் அடித்தோல் குடல் தோல்போல் மாறும் நிலைக்கு இன்று அவர் பெயர்தான். சிலருக்கு அது புற்றுநோய்வரை போகும். 1974இல், தாத்தா அறுவை மேசையில் கிடந்த அதே வருஷம், அமெரிக்காவில் ஜான்சனும் டிமீஸ்டரும் 24 மணி நேரம் உணவுக்குழாயில் பிஹெச் அளவெடுக்கும் முறையை ஒழுங்குபடுத்தினார்கள். 1988இல் ஒமெப்ரசோல் வந்தது. அளக்கக் கருவி, அடக்க மாத்திரை. ஆசிட்டுக்கு இரண்டும் கிடைத்தன.

பித்தநீருக்குக் கருவியே இல்லை. பிஹெச் 4க்குக் கீழே போனால் ஆசிட் எதுக்களிப்பு. 7க்கு மேலே போனால் பித்தநீர் என்று கொஞ்ச காலம் கணக்கிட்டார்கள். அது தப்புக் கணக்கு. எச்சில்கூட அந்தப் பக்கம் காட்டும். மேலும் பித்தநீர் தனியாக வருவது அபூர்வம். ஆசிட்டில் கலந்து வரும்போது மீட்டர் ஆசிட் என்றுதான் காட்டும். இது எங்கள் வேலையிலும் நடக்கும். சென்சார் எதைக் காட்டுகிறதோ அதுதான் பிரச்சினை என்று முடிவு கட்டிவிடுவோம். சென்சார் இல்லாத இடத்தில் ஒழுகுவதை யாரும் ரிப்போர்ட்டில் எழுதுவதில்லை.

1990களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபுளோரன்சில் பெக்கியும் கூட்டாளிகளும் வேறு வழி பிடித்தார்கள். பித்தநீருக்கு மஞ்சள் நிறம் தருவது பிலிருபின். அது சுமார் 450 நானோமீட்டர் நீல ஒளியை விழுங்கும். மூக்கு வழியாக ஒரு கண்ணாடியிழைக் குழாயை இறக்கி, ஒளியை அனுப்பி, எவ்வளவு குறைந்து திரும்புகிறது என்று நாள் முழுக்கப் பதிந்தார்கள். பிலிடெக் என்பது கருவியின் பெயர். சோதனை நாளில் கலர் உள்ள சாப்பாடு கூடாது, கருவி குழம்பிவிடும். மஞ்சளும் மிளகாயும் இல்லாமல் எங்கள் வீட்டில் என்ன சமைப்பது என்று படித்தபோது சிரித்தேன்.

அந்தக் கருவி சொன்னது எளிமையானது. 1996இல் அமெரிக்காவில் வைஸியும் ரிக்டரும் பிஹெச் குழாயையும் பிலிடெக்கையும் சேர்த்துப் போட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலும் ஆசிட்டும் பித்தநீரும் சேர்ந்தே மேலே வருகின்றன. நோய் கடுமையாக ஆக, இரண்டும் கூடுகின்றன. சிக்கலான பாரட் நோயாளிகளிடம் இரண்டும் மிக அதிகம். சேர்ந்து வரும்போது கெடுதலும் கூடுகிறது: ஆசிட் இருக்கும் இடத்திலும் கரைந்தே இருக்கக்கூடிய சில பித்த அமிலங்கள் தோலுக்குள் நுழைந்து அரிக்கின்றன. எரிச்சலை மட்டும் வைத்து எது வந்தது என்று நோயாளியாலும் சொல்ல முடியாது, டாக்டராலும் முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெட்டப்படாத வயிறு உள்ளவர்களுக்கு ஒமெப்ரசோல் பித்தநீர் ஏறுவதையும் குறைக்கிறது. சுரப்பின் மொத்த அளவே குறைவதால் மேலே வர அதிகமாக எதுவும் இருப்பதில்லை. அதனால் நம்மில் பலருக்கு அந்த மாத்திரை கேட்கிறது, அதை விட்டுவிடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. தாத்தாவின் கதை வேறு. அவருக்கு ஆசிட் சுரக்கும் வயிறே பாதி இல்லை, வால்வும் இல்லை. கிடைத்த மாத்திரை, அவரிடம் குறைவாக இருந்ததைத்தான் அடக்கியது. அவரைப் போன்றவர்களுக்குத் தர வேறு மருந்துகள் உண்டு. தேவைப்பட்டால் ரூவின் ஒய் இணைப்பாக மாற்றி அமைக்கும் அறுவையும் உண்டு. கொடுக்கப்படும் மருந்துகளில் ஒன்றான அர்சோடிஆக்சிகோலிக் அமிலத்தின் பெயரிலேயே லத்தீன் கரடி இருக்கிறது. சீன மருந்துக்கடைகளின் பழைய சரக்கான கரடிப் பித்தத்திலிருந்து 1927இல் ஜப்பானில் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. பித்தத்துக்குப் பித்தமே மருந்து என்றால் தாத்தா நம்பியிருப்பார்.

*

2004இல் ஈப்போவிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. எஸ். ராஜேந்திராவும் கூட்டாளிகளும் எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட ஏறத்தாழ 2000 பேரைப் பார்த்து எழுதியது. உணவுக்குழாய்ப் புண்ணும் பாரட் நிலையும் மூன்று இனத்தாரில் இந்தியர்களிடமே அதிகம். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்து ரொசைடாவும் கோ கியன் லீயும் அதே வருஷம் வெளியிட்ட ஆய்விலும் எதுக்களிப்பு நோய் இந்தியர்களிடம் கூடுதலாகவே தெரிந்தது. லகாட்டிலிருந்து ஈப்போ அரை மணி நேரம்கூட இல்லை. நம் நெஞ்சைப் பற்றி நம் ஊரிலேயே எழுதப்பட்டதைப் படிக்க எனக்கு ஒரு சாவு தேவைப்பட்டது.

கிளினிக்குக்கு தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போனது பெரும்பாலும் நான்தான். டாக்டர் மாறிக்கொண்டே இருப்பார்கள். தாத்தாவுக்கு மார்க்கெட் மலாய்தான் வரும். அவர் தமிழில் சொல்வார், நான் மொழிபெயர்ப்பேன். ஒருமுறை மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார்: “ஆப்ரேசனுக்கு அப்புறந்தான் இப்படி. வெறும் வயித்துல பித்தம் பச்சையா வருது. கசக்குது. நெஞ்செல்லாம் கரிக்குது.” டாக்டர் என்னைப் பார்த்தார்.

“கேஸ்ட்ரிக், டாக்டர்” என்றேன். ஒரே சொல்.

பித்தத்துக்கு மலாயில் சொல் இல்லாமல் இல்லை. ஹெம்பெடு. எனக்கு நன்றாகத் தெரிந்த சொல்தான். எங்கள் வேலியோரத்து நிலவேம்பைப் பக்கத்து வீட்டு மாக்சிக் ஹெம்பெடு பூமி என்பார், பூமியின் பித்தம். அந்த ஒரு சொல்லையும் “ஆப்ரேசனுக்கு அப்புறம்” என்பதையும் சொல்லியிருந்தால், அந்த இளம் டாக்டர் சட்டையைத் தூக்கித் தழும்பைப் பார்த்திருக்கக்கூடும். பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் 45 வருஷமாகத் தன் உடம்பில் நடந்ததைச் சரியாகச் சொன்ன மனிதரின் பேச்சைப் படித்த பிள்ளை நான் சுருக்கிவிட்டேன். அதில் டாக்டரைக் குறை சொல்ல இடமில்லை.

போன மாசம் அம்மா நெஞ்சைத் தடவிக்கொண்டு, “கேஸ்ட்ரிக்டா” என்றார். புளிக்குதா கசக்குதா, படுத்தா வருதா குனிஞ்சா வருதா, எத்தனை நாளா என்று கேட்டு ஒரு தாளில் எழுதினேன். பித்தப்பை ஆபரேஷன் ஆனதையும் வருஷத்தோடு சேர்த்து எழுதினேன். கிளினிக்கில் நான் வாயைத் திறக்கவில்லை. அம்மாவே தாளைப் பார்த்துப் பார்த்து மலாயில் சொன்னார். டாக்டர் முழுதும் கேட்டுவிட்டு, ஸ்கோப்புக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.